ஊற்றாத குடம்

அன்புள்ள பெரியவளுக்கு அம்மா எழுதுவது.

நீ வேளைக்குச் சாப்பிட்டு, வேளைக்குத் தூங்கி, உடம்பைப் பார்த்துக்கொண்டு இருக்கிறாய் என்ற நினைப்பில் எழுத உட்கார்ந்திருக்கிறேன். இங்கே நாங்களும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு முழங்கால் வலி போன மாதத்துக்கு இப்போது தேவலை, நீ அனுப்பிய களிம்பின் வாசனை பிடிக்கவில்லை என்று அதை அலமாரியில் துணிகளுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்தார், கண்டுபிடித்துவிட்டேன். தங்கை பிள்ளை நாலு மாதம் முடிந்து குப்புற விழுகிறான், விழுந்துவிட்டுத் திரும்பத் தெரியாமல் அழுகிறான், அவன் அம்மாவும் அந்த வயதில் அப்படித்தான். வழக்கமாக இந்த இடத்தில் எல்லோரும் நலம் என்று எழுதுவேன். இந்தத் தடவை அந்த இரண்டு வார்த்தையை எழுதக் கை வரவில்லை கண்ணு. இன்றைக்கு ஒன்றாம் தேதி, மணி இப்போது ஏழு. பத்து மணிக்கு எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்து போன் வரும், பன்னிரண்டு மணிக்கு உங்கள் அலுவலக வண்டி வந்து அளவுப் புத்தகத்தை வாங்கிப் போகும், இந்தக் கடிதமும் அதில்தான் வருகிறது. ஒரு போன் போட்டுச் சொல்லியிருக்கலாமே, இத்தனை பக்கம் எழுத என்ன வந்தது என்று கேட்பாய். நாலு தடவை போட்டேன். உன் குரலைக் கேட்டதும் சாப்பிட்டாயா, குளிருக்குப் போர்த்திக்கொண்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். அது ஒரு காரணம், இன்னொன்றைக் கடைசியில் சொல்கிறேன்.

உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன், அலுத்துக்கொள்ளாதே, உனக்குப் பிறகு இந்தக் காகிதத்தை வேறு யாராவது படிக்க வேண்டி வரும். பதினான்கு வருஷத்துக்கு முன்னால், மழை பொய்த்து, மேல்மண் பறந்து, வயலெல்லாம் மணலாகிக்கொண்டிருந்தபோது நான்கு நாட்டுக்காரர்களும் ஒரு மேசையில் உட்கார்ந்தார்கள். நம் எல்லோருக்கும் அடியில் இருப்பது ஒரே நிலத்தடி நீர்தான், அதைச் சேர்ந்தே காப்பாற்றுவோம், மணலைச் சேர்ந்தே தடுப்போம் என்று கையெழுத்துப் போட்டார்கள். நீ இப்போது வேலை பார்க்கிற கூட்டு அலுவலகம் அன்றைக்கு வந்ததுதான். எல்லையை ஒட்டிய ஊர்களில் அளவுக் குழாய் இறக்கினார்கள். நம் ஊருக்கு வந்தது இரண்டாம் எண் குழாய், பஸ் பணிமனைக்குப் பின்னால், பழைய டயர் குவியலுக்கும் கம்பி வேலிக்கும் நடுவில். அதைப் பார்க்கும் வேலை எனக்குக் கிடைத்தது. மாதம் முதல் தேதி இரும்பு நாடாவின் நுனியில் சாக்கட்டியைத் தேய்த்துக் குழாய்க்குள் இறக்கி, எதுவரை நனைந்திருக்கிறது என்று பார்த்து, தண்ணீர் எத்தனை மீட்டர் ஆழத்தில் இருக்கிறது என்று எழுத வேண்டும். எழுதிய கையோடு எல்லைக்கு அந்தப் பக்கத்து அளவுக்காரரிடம் போனில் சொல்ல வேண்டும், அவர் தன் எண்ணைச் சொல்வார், அவர் எண்ணை நானும் என் எண்ணை அவரும் எழுதிக்கொண்டால் பிறகு யாரும் மாற்ற முடியாது. நாற்பது மீட்டருக்குக் கீழே தண்ணீர் போன ஊர் சிவப்பு ஊர். அங்கே வயல் மோட்டார்களை நிறுத்திவிட வேண்டும். பச்சையாக இருக்கும் ஊர், சிவப்பு ஊர்க்காரர்களின் ஆடுமாடுகளுக்கு எல்லைக் கதவைத் திறந்துவிட்டு மேய்ச்சலும் தண்ணீரும் கொடுக்க வேண்டும். நல்ல ஏற்பாடுதான், இன்றைக்கும் அதில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் எல்லாம் அந்த எண்ணை நம்பித்தான் நடக்கிறது.

அந்தப் பக்கத்து அளவுக்காரரை நம் வீட்டில் பத்து மணிக்காரர் என்றுதானே சொல்வோம். இத்தனை வருஷத்தில் அவர் முகத்தை ஒரு தடவை கூடப் பார்த்ததில்லை. ஆரம்பத்தில் நம் பாஷையில் அவருக்கு எண்கள் மட்டும்தான் தெரியும், அதையும் ஏலம் போடுகிற மாதிரி கத்திச் சொல்வார், நீ போனில் காதை வைத்துக் கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஓடுவாய். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சேர்த்துக்கொண்டார், மழை, இல்லை, உங்களுக்கு, நல்லது. தன் எண்ணைச் சொல்லிவிட்டு "உங்களுக்கு?" என்பார், நான் என் எண்ணைச் சொன்னதும் "நல்லது" என்பார். அவருக்கும் உன் வயதில் ஒரு பெண், ஊர் மந்தையை அவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் எண் நாற்பதைத் தாண்டியது, அவர் ஊர் சிவப்பானது, மோட்டார்களை நிறுத்தினார்கள். நிறுத்தியும் தண்ணீர் இறங்கிக்கொண்டே போயிற்று, நாற்பத்துமூன்று, நாற்பத்தைந்து, நாற்பத்தாறு. நம் குழாய் மட்டும் முப்பத்தொன்று புள்ளி நான்கில் ஆணி அடித்த மாதிரி நின்றது. ஒரே தண்ணீர் ஒரு பக்கம் இறங்கி ஒரு பக்கம் இறங்காமல் இருக்குமா என்று மேலே இருப்பவர்கள் யோசித்து, அவர் ஊரில் யாரோ திருட்டுத்தனமாக இறைக்கிறார்கள் என்று முடிவு கட்டினார்கள். இரண்டு தடவை சோதனைக்கு ஆள் போனது. "எங்க ஊரு. திருட்டு மோட்டார் தேடறாங்க. இல்லை. தேடறாங்க" என்று என்னிடம் சொன்னார். என் எண் மேல் அவருக்கு ஒரு சந்தேகம் கூட வரவில்லை. உள்ளதைச் சொல்கிறேன், எனக்குக்கூட மனசுக்குள் அவர் ஊர்க்காரர்கள் மேல்தான் சந்தேகம், நம் ஊர் மணலைத் தடுக்க மரவேலி நட்ட ஊர், ஒழுங்கான ஊர் என்று கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது.

ஒன்றரை மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் மத்தியானம் அப்பா நீரேற்று நிலையத்திலிருந்து சாப்பிட வந்தார். கை கழுவும்போதே "மோட்டார் காத்து குடிக்குது" என்றார். தண்ணீர் இறங்கினால்தானே மோட்டார் காற்றை இழுக்கும். "என் குழாயில தண்ணி முப்பத்தொண்ணுல நிக்குது, உங்க மோட்டார் வாய் அம்பதுல இருக்கு, எங்கேர்ந்து வரும் காத்து, வாஷர் போயிருக்கும் பாருங்க" என்றேன். "முப்பது வருஷமா மோட்டாரோட குடும்பம் நடத்தறேன், நீ எனக்கு வாஷர் சொல்லித் தர்றியா" என்றார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, மோட்டாரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொன்னால் தன் அம்மாவைச் சொன்ன மாதிரி முகம் மாறும். எனக்கும் என் குழாய் அப்படித்தான். மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசிக்கொள்ளவில்லை. தங்கை வந்து பார்த்துவிட்டு, "ஊருல எல்லாரும் குடிக்கற தண்ணிக்கு சண்டை போடறாங்க, நீங்க ரெண்டு பேரும் எண்ணுக்கு சண்டை போடறீங்க" என்று சிரித்தாள். நாலாம் நாள் அப்பா, "உன் குழாய் பொய் சொல்லுது" என்றார். எனக்குச் சுருக்கென்று தைத்தது. இருங்கள், காட்டுகிறேன் என்று ஒரு குடம் தண்ணீரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

அந்தக் குடத்தைப் பற்றித்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். காற்றுக் காலம் முடிந்ததும் வருஷத்துக்கு ஒரு தடவை குழாய்க்குள் ஒரு குடம் ஊற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி, சின்ன வயதில் நீதான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பாய். குழாயின் அடி திறந்திருந்தால் ஊற்றிய தண்ணீர் இருபது நிமிஷத்தில் இறங்கிப் பழைய மட்டத்துக்கு வந்துவிடும். அடைத்துக்கொண்டிருந்தால் ஊற்றியது அப்படியே நிற்கும், நாடா காட்டுவது நிலத்தடி நீரை அல்ல, உள்ளே சிக்கிக்கொண்ட பழைய தண்ணீரை. மூன்று வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு ஒரு நாளைக்கு இரண்டு குடம்தான் என்று ஊரில் கட்டுப்பாடு வந்ததல்லவா, அந்த வருஷம் நான் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பணிமனைக்குப் பின்னால் போனேன். வேலிக்கு அந்தப் பக்கம் தெருக்குழாயில் வரிசை நிற்கிறது. எல்லோர் கண்ணும் என் குடத்தில். சலவைக்காரி கைப்பிள்ளையோடு கடைசியில் நிற்கிறாள், அன்றைக்குத் தண்ணீர் அவள் வரை வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு குடம் நல்ல தண்ணீரை ஓட்டைக்குள் கொட்ட எனக்கு மனசு வரவில்லை. பாவம் என்று பட்டது. அவள் வாளியில் ஊற்றிவிட்டு வெறும் குடத்தோடு வீட்டுக்கு வந்தேன், வந்து புத்தகத்தில் ஊற்றிப் பார்த்தேன், இருபது நிமிஷம் என்று எழுதினேன். அடுத்த வருஷமும் அப்படியே எழுதினேன், அதற்கடுத்த வருஷமும். அந்த முதல் வருஷக் காற்றிலேயே குழாயின் மூடி பறந்துபோய் உள்ளே மணல் கொட்டியிருந்ததை என் கண்ணாலேயே பார்த்தேன், ஒரு பால் டின்னைக் கவிழ்த்து மூடிவிட்டு வந்தேன். மாதா மாதம் ஒரே எண் காட்டுகிறது, நல்ல குழாய்தானே, அதற்கு எதற்குச் சோதனை என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

இந்தத் தடவை ஊற்றினேன். அப்பா காலை இழுத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றார். முப்பத்தொன்று புள்ளி நான்கு என்று இருந்தது இருபத்தெட்டு புள்ளி ஒன்பது ஆயிற்று. இருபது நிமிஷம் கழித்து நாடாவை விட்டேன், இருபத்தெட்டு புள்ளி ஒன்பது. ஒரு மணி நேரம் கழித்தும் அதே. அப்பா ஒரு டயரின் மேல் உட்கார்ந்துவிட்டார், ஜெயித்தவர் அவர்தான், ஆனால் நாடாவை வாங்கி ஒவ்வொரு சுற்றாகத் துடைத்துக்கொண்டிருந்தார். மறுநாள் காலையும் அதே எண். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊருக்கு விட வேண்டிய தண்ணீரை விட்டு முடித்து அப்பா மோட்டாரை நிறுத்தினார், சாயங்காலம் வரை கிணறு அசங்காமல் கிடக்கட்டும் என்று காத்திருந்து என் நாடாவை அதற்குள் இறக்கினோம். முப்பத்தொன்றைத் தாண்டி ஓடியது, நாற்பதைத் தாண்டி ஓடியது. நாற்பத்தேழு புள்ளி எட்டில் நனைந்திருந்தது. அந்தப் பக்கத்தைவிட நாம் கீழே இருக்கிறோம். எத்தனை நாளைக்கு வரும் என்று கேட்டேன். "மழை வரைக்கும் வந்தா நம்ம அதிர்ஷ்டம், வயல் மோட்டாரெல்லாம் இப்படியே ஓடுச்சுன்னா வராது" என்றார். நம் ஊர் பச்சை ஊர் என்பதால் நாற்பது வயல் மோட்டார்கள் நிற்காமல் ஓடுகின்றன, என் கையெழுத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஓட விட்டிருக்கிறார்கள். அன்றையிலிருந்து அந்தச் சத்தம் காதில் விழும்போதெல்லாம் எழுந்து போய் ஜன்னலைச் சாத்துகிறேன்.

அதற்கு நாலாம் நாள் போன மாதம் ஒன்றாம் தேதி. பத்து மணிக்குப் போன் வந்தது. "நாப்பத்தாறு ரெண்டு. உங்களுக்கு?" என்றார். நாடா காட்டியது இருபத்தெட்டு ஒன்பது, நிஜம் நாற்பத்தேழு எட்டு, என் வாயிலிருந்து வந்தது முப்பத்தொன்று நான்கு. அதற்கு முன்னால் மூன்று வருஷமாக நான் எழுதியது தப்பு என்று வைத்துக்கொள்ளலாம், அன்றைக்குச் சொன்னது சுத்தமான பொய். பயம் கண்ணு, வேறொன்றும் இல்லை. "நல்லது" என்றார். வைக்கப் போனவளை நிறுத்தி, "அம்மா, அடுத்த மாசம். பதினஞ்சு. கதவு. எங்க ஆளுங்க வர்றாங்க. ஆடு, மாடு, பிள்ளைங்க. என் பொண்ணு முன்னாடி" என்றார், குரலில் அத்தனை சந்தோஷம். அறுபது வீடாம். எல்லையோர ஊர்கள் என்று பெயரே தவிர அவர் ஊருக்கும் நம் மேய்ச்சல் வெளிக்கும் நடுவில் ஆறு நாள் நடை, ஒரு பச்சைப் புல் கிடையாது. வருகிற வழிக்கு மட்டும் உங்கள் அலுவலகம் இரண்டு இடத்தில் லாரியில் தண்ணீர் கொண்டுவந்து தொட்டியில் நிரப்பி வைக்கும், திரும்பிப் போகிற வழிக்குக் கிடையாது, இங்கேதான் தண்ணீர் இருக்கிறதே. நம் தொட்டிக்கரையில் அத்தனை உயிரும் வந்து நின்று, அப்பா மோட்டாரைப் போட, அது காற்றைத் துப்புவதை நினைத்துப் பார். முப்பது நாளாக எனக்கு வேறு நினைப்பே இல்லை. நீ ஆறு வயதில் சந்தைக்கூட்டத்தில் அரை மணி நேரம் காணாமல் போனபோது எப்படி இருந்ததோ, அது ஒரு மாதம் முழுக்க நீண்டால் எப்படி இருக்கும், அப்படி இருக்கிறது.

மறுநாள் மேற்பார்வையாளரிடம் போய்ச் சொன்னேன். கெட்ட மனுஷன் இல்லை. முகம் வெளுத்து, எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அக்கா, இதை இப்ப கிளப்பாதீங்க. அடுத்த மாசம் இருபத்தொண்ணாம் தேதி நாலு நாட்டுக் கூட்டம் முடியட்டும். குழாயைச் சுத்தம் பண்ணிட்டு மாசத்துக்கு ரெண்டு மீட்டர், மூணு மீட்டர்னு இறக்கிக் காட்டிடலாம், யாருக்கும் உறுத்தாது" என்றார். மந்தை வருகிறதே என்றேன். அது வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்றார், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக, "அங்க நின்னு நம்ம ஊர்க் கணக்கைப் படிக்கப் போறது உங்க பொண்ணு. அது முகத்துல நீங்களே கரியைப் பூசுவீங்களா" என்றார். அதற்கு மேல் நிற்காமல் வீட்டுக்கு வந்துவிட்டேன். அந்த வாரம் பார்த்து நீ அனுப்பிய வரைபடம் வந்து சேர்ந்தது. நான்கு ஊருக்கு நான்கு கோடு, மூன்று கோடு சரிந்து கீழே போகிறது, நம் ஊர் நீலக்கோடு மட்டும் நேராக நிற்கிறது, மரவேலி காப்பாற்றிய நீர் என்று தலைப்பு. பின்பக்கம் 'அம்மா, இது உன் கோடு' என்று எழுதியிருந்தாய். தங்கைக்கு இன்னும் விஷயம் தெரியாது, அவள் அதைச் சாப்பாட்டு மேசைக்கு நேரே சுவரில் ஒட்டிவிட்டுப் போனாள். நான் அதற்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சாப்பிடுகிறேன், எதிரில் உட்காரும் அப்பா குனிந்த தலை நிமிராமல் சாப்பிடுகிறார்.

எதற்கெல்லாம் பயப்படுகிறேன் என்று கேட்டால் எதைச் சொல்வது. காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குழாயைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்று பார்க்கிறேன். வீட்டில் மூடி உள்ள பாத்திரம் அத்தனையிலும் பிடித்து வைத்திருக்கிறேன், உன் பழைய சாப்பாட்டு டப்பாவில்கூட, அப்பா பார்த்துவிட்டு, "இதுல எறும்புதான் குளிக்கும்" என்றார். தங்கை பிள்ளையைக் குளிப்பாட்டும்போது நான் போய் நின்று தண்ணீரைக் குறை, குறை என்கிறேன், அவள் என்னைக் கஞ்சப்பிசினாறி என்கிறாள், சொல்லிவிட்டுப் போகட்டும். வயல் மோட்டார் வைத்திருப்பவர்கள் விஷயம் தெரிந்தால் நம் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள் என்று பயம். உன் வேலை போய்விடுமோ, போகாவிட்டாலும் அந்த அறையில் உன்னை இனிமேல் எப்படிப் பார்ப்பார்களோ என்று பயம். எல்லாவற்றையும்விட, ஒரு ஊரின் எண் பொய் என்று தெரிந்ததும் மற்ற மூன்று நாட்டுக்காரர்களும் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விடுவார்களோ, பதினான்கு வருஷம் கட்டியது நான் ஊற்றாத ஒரு குடத்தால் கலைந்துவிடுமோ என்று பயம். ஒன்று மட்டும் ஞாபகம் வைத்துக்கொள், மரவேலி பொய் இல்லை. கிழக்குத் தெருவில் மூன்று வருஷமாக ஒரு வீட்டு வாசலிலும் மணல் மேடிடவில்லை, நான் தினமும் பார்க்கிறேன். மரம் மணலைப் பிடிக்கிறது, அதைத் தைரியமாகச் சொல். தண்ணீரைக் காப்பாற்றியது என்று மட்டும் சொல்லாதே.

மணி ஒன்பது ஐம்பது ஆகிறது. பேனாவை வைத்துவிட்டுப் போனுக்குப் பக்கத்தில் போய் உட்காரப் போகிறேன். நேற்று அப்பாவோடு கிணற்றில் மறுபடி அளந்தேன், இன்னும் இறங்கி நாற்பத்தெட்டு இரண்டு. வாயில் எந்த எண் வரப் போகிறதோ எனக்கே தெரியவில்லை. அப்பா இன்றைக்கு வேலைக்குத் தாமதமாகப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, செருப்பைத் துடைக்கிற சாக்கில் கூடத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கிறார்.

பேசிவிட்டேன். "நாப்பத்தாறு அஞ்சு. உங்களுக்கு?" என்றார். நாற்பத்தெட்டு இரண்டு என்றேன். நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து, "முப்பத்தொண்ணு?" என்று எடுத்துக் கொடுத்தார். இல்லை, நாற்பத்தெட்டு இரண்டு, என் குழாய் அடைத்து மூன்று வருஷம் ஆகிறது, நான் சோதிக்கவில்லை, போன மாதம் தெரிந்தே பொய் சொன்னேன், உங்கள் ஊரில் யாரும் திருடவில்லை என்று ஒவ்வொரு வார்த்தையாக அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். திட்டுவார் என்று காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன், திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "உங்களுக்கும் இல்லையா" என்று கேட்டார், அவ்வளவு மெதுவாக. இல்லை என்றேன். பிறகு போனைத் தள்ளி வைத்துக்கொண்டு அவர் பாஷையில் யாரையோ உரக்கக் கூப்பிட்டார், ஒரு பெண் குரல் பதில் சொன்னது, ஆடுகள் கத்தின, யாரோ ஓடுகிற சத்தம் கேட்டது. திரும்ப வந்து, "நிறுத்திட்டேன். பொண்ணுகிட்ட சொல்லிட்டேன்" என்றார். என் எண்ணை எழுதிக்கொண்டீர்களா என்று கேட்டேன், எழுதிவிட்டேன் என்றார். வைத்துவிடுவார் என்று நினைத்தேன். "அப்போ நாங்க எங்க போறது, அம்மா?" என்றார். பதினான்கு வருஷத்தில் நம் பாஷையில் அவர் இத்தனை வார்த்தையைச் சேர்த்துப் பேசியது இதுதான் முதல் தடவை. அதை அளவுப் புத்தகத்தின் ஓரத்தில் எழுதிக்கொண்டேன். பிறகு அவர் வைத்துவிட்டார். அப்பா ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார், பாதி குடித்துவிட்டு மீதியை மூடி வைத்தேன்.

இப்போது அந்த இரண்டாவது காரணம். எழுதிய எண் தப்பு என்றால் அளவெடுத்தவர் தன் கையால் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் உங்கள் அலுவலகம் ஏற்றுக்கொள்ளும், போனில் சொன்னால் செல்லாது. நீயே எனக்கு வாசித்துக் காட்டிய விதி. அதனால் இந்தக் கடிதம்தான் திருத்தம். இரண்டாம் எண் குழாயின் கடைசி முப்பத்தாறு மாத எண்களை அடித்துவிடு, நம் ஊரைச் சிவப்பில் போடு, வயல் மோட்டார்களை நிறுத்த உத்தரவு அனுப்பச் சொல், அவர் ஊர் மேல் இருக்கும் திருட்டுப் பட்டத்தை எடு. யாராவது கேட்பதற்கு முன்னால் அளவெடுத்தவள் என் அம்மா என்று நீயே சொல்லிவிடு, பிறகு தெரிந்தால் உனக்குத்தான் கஷ்டம். மற்ற நாட்டுக்காரர்கள் எழுந்து போனால் போகட்டும் என்று சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, எழுந்து போகாமல் இருக்க வேண்டுமே என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். அவர்கள் போவதற்கு முன்னால் பத்து மணிக்காரர் கேட்டதை மட்டும் அந்த மேசையில் கேட்டுவிடு. இரண்டு பக்கமும் தண்ணீர் இல்லாதபோது அந்த அறுபது வீடும் எங்கே போவது என்று கேள், இரண்டு ஊரும் சிவப்பானால் மற்ற இரண்டு நாடும் தண்ணீர் லாரியும் தீவனமும் அனுப்பும் என்று ஒப்பந்தத்தில் ஒரு பக்கம் இருக்கிறது, அதை எல்லோரும் கேட்கிற மாதிரி உரக்கப் படி.

நீ நன்றாக இருக்க வேண்டும். உனக்கு ஒரு குறையும் வரக் கூடாது, வந்தாலும் என்னால் வந்தது என்று என் மேலேயே போட்டுவிடு, நான் தாங்குவேன். அப்பா உன்னைக் கேட்டதாக எழுதச் சொன்னார், அவர் ஆசீர்வாதமும் சேர்த்து. களிம்பு இனி அனுப்பாதே, வீண். மறக்காமல் ஒன்று செய் கண்ணு. கூட்டத்துக்கு முன்னால் நான்கு நாட்டிலும் இருக்கிற எல்லா அளவுக் குழாயிலும் ஒரு குடம் ஊற்றிப் பார்க்கச் சொல். அங்கேயும் வரிசையில் ஒருத்தி கைப்பிள்ளையோடு நின்றிருப்பாள், அங்கேயும் யாருக்காவது கை வராமல் போயிருக்கும்.

இப்படிக்கு,
உன் அம்மா,
அளவெடுத்தவர், இரண்டாம் எண் குழாய்.